போனில் விலை, போனில் மழை: சிறு விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒட்டன்சத்திரம் பக்கம் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் எடை, கணக்கு, அப்புறம் எல்லோருடைய போன் சந்தேகம், இந்த மூன்றும் என் வேலை. ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதியே வைத்துவிட்டேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பெரும்பாலும் காய்கறிக்காரர்கள் கேட்டவை, நெல்லும் மஞ்சளும் தென்னையும் இடையில் வரும்.

"ஆப் ஆப்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. முதல்ல எதைப் போடறது?"

உழவன் செயலி. தமிழக அரசு 2018-இல் கொண்டுவந்தது, தமிழிலேயே இருக்கிறது. மானியத்துக்குப் பதிவு, கடைகளில் உர இருப்பு, விதை இருப்பு, வாடகைக்கு டிராக்டர், சந்தை விலை, வானிலை எல்லாம் அதற்குள். உங்கள் ஊருக்கு உதவி வேளாண்மை அலுவலர் என்றைக்கு வருகிறார் என்றுகூடப் பார்க்கலாம், அதை யாரும் தொடுவதே இல்லை. வானிலைக்கு மட்டும் தனியாக 'மேகதூத்' போட்டுக்கொள்ளுங்கள். இந்த இரண்டும் கைக்குப் பழகிய பிறகு மூன்றாவதைப் பற்றி யோசிக்கலாம். ஒரு போனில் ஒன்பது விவசாய ஆப் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஒன்றில்கூட கடவுச்சொல் நினைவில் இருக்காது.

"எங்கிட்ட பட்டன் போன்தான். எழுத்தும் அவ்வளவா வராது. எனக்கு இதுல என்ன இருக்கு?"

1800-180-1551. கிசான் கால் சென்டர், 2004-லிருந்து நடக்கிறது. காசு கிடையாது, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, தமிழில் பேசுவார்கள். என் கணக்கில் பாதி ஆப்களைவிட இது உருப்படி. ஏனென்றால் எதிர்முனையில் இருப்பவர் திருப்பிக் கேள்வி கேட்பார்: நட்டு எத்தனை நாள், இலை மேலிருந்து காய்கிறதா கீழிருந்தா, கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள். பயிர்ப் பிரச்சினையில் பாதி பதில் அந்தக் கேள்விகளிலேயே வந்துவிடும்.

கூப்பிடும்போது வயலில் நின்று கூப்பிடுங்கள். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "செடி ஒரு மாதிரி இருக்குது" என்றால் அவரும்தான் என்ன செய்வார்.

"விலைப் பட்டியல்ல மூணு விலை போட்டிருக்கே, நம்ம சரக்குக்கு எது?"

குறைந்த விலை, அதிக விலை, மாடல் விலை. மத்திய அரசின் அக்மார்க்நெட் தளம் இப்படித்தான் போடும், அதிலிருந்து எடுத்துப் போடும் ஆப்களும் அப்படியே. மாடல் விலை என்றால் அன்றைக்குப் பெருவாரியான சரக்கு எந்த விலைக்குக் கைமாறியதோ அது. கண் எப்போதும் அதிக விலைக்குத்தான் போகும், அது நாலு பெட்டி முதல் தரத்துக்குக் கிடைத்த விலையாக இருக்கலாம். மாடலைப் பாருங்கள்.

இரண்டு விஷயம் கவனிக்கணும். அந்த விலை குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு. 1,200 என்று இருந்தால் கிலோ 12 ரூபாய். அப்புறம் தேதி. முந்தாநாள் விலை இன்னும் திரையில் நின்றுகொண்டிருக்கும், தக்காளி விஷயத்தில் முந்தாநாள் என்பது போன மாதம் மாதிரி.

"ஆப்ல இருபதுனு காட்டுது, மண்டில பன்னெண்டுக்குதான் எடுக்கறாங்க. நம்மள ஏமாத்தறாங்கதானே?"

அதிகம் வரும் கேள்வி இதுதான், கோபத்தோடு வரும் கேள்வியும் இதுதான். ஏமாற்று எங்கேயும் நடக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் அந்த 20 எந்த இடத்து விலை என்று பாருங்கள். பல நேரம் வீட்டுப் பிள்ளை போனில் பார்த்துச் சொல்வது உழவர் சந்தை விலையாக இருக்கும். உழவர் சந்தை 1999-இல் மதுரையில் தொடங்கியது, அங்கே விவசாயி தராசு வைத்து நேரடியாக வீட்டுக்காரர்களுக்கு விற்கிறார். மொத்த விலையைவிடக் கூட, கடை விலையைவிடக் குறைவு என்கிற மாதிரி நிர்ணயிப்பார்கள். அந்த விலை வேண்டுமென்றால் அடையாள அட்டை வாங்கி, விடிகாலையில் போய், மதியம் வரை உட்கார்ந்து கிலோ கிலோவாக விற்கணும். மண்டியில் அரை மணி நேரத்தில் நாற்பது பெட்டியைத் தள்ளிவிட்டு வருகிறோமே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்த மெனக்கெடலுக்கான கூலி.

இரண்டாவது, தரம். ஆப்பில் 'தக்காளி' என்று ஒரே வரிதான். நம் வண்டியில் மூன்று தக்காளி இருக்கிறது: கெட்டியாக, கேரளா வரை போகத் தாங்குவது ஒன்று, பழுத்துவிட்டதால் உள்ளூரில்தான் போகும் என்பது இன்னொன்று, பொடி. கலந்து கொண்டுபோனால் ஏலத்தில் பொடியின் விலையை மனதில் வைத்துத்தான் கேட்பார்கள். கெட்டியை மட்டும் தனியாகப் பிரித்துக் கொண்டுபோனவருக்கு அதே நாள், அதே கடையில் வேறு விலை விழுவதை எடை போடும் இடத்தில் நின்றாலே பார்க்கலாம்.

மூன்றாவது, இந்த ஊர் விலையைக் கேரள லாரிகள் தீர்மானிக்கின்றன. ஓணத்துக்கு முன்னால் ஏறும், அங்கே மழை பிடித்து ரோடு அடைத்தால் அன்றைக்கே இறங்கும். ஆப்பில் இந்தச் சேதி வராது, நேற்று நடந்தது மட்டும் வரும். இதற்கெல்லாம் பிறகும் விலை ஒட்டவில்லை என்றால் சீட்டை எடுத்து வாருங்கள், எடைக் கழிவு, இறக்குக்கூலி, கமிஷன் என்று வரி வரியாகப் பார்ப்போம். ஏமாற்று இருந்தால் கிலோ விலையைவிட அங்கேதான் ஒளிந்திருக்கும்.

"கோயமுத்தூர்ல கிலோவுக்கு மூணு ரூபா கூட. வண்டி புடிச்சுப் போயிடலாமா?"

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 600 கிலோ தக்காளி. இங்கே 12, அங்கே 15, கமிஷன் இரண்டு இடத்திலும் பத்து சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இங்கே 7,200-இல் கமிஷன் போக 6,480, உள்ளூர் வண்டிக்கு 400 போனால் கையில் 6,080. அங்கே 9,000-இல் கமிஷன் போக 8,100, வண்டிக்கு 1,800 போனால் 6,300. ஆக 220 ரூபாய் லாபம். வழியில் 30 கிலோ நசுங்கினால் இன்னும் 405 ரூபாய் போச்சு. ராத்திரித் தூக்கம் தனி.

அதற்காகப் போகவே கூடாது என்றில்லை. நாலு பேர் சரக்கைச் சேர்த்து ஒரே வண்டியில் ஏற்றினால் வாடகை பங்காகிவிடும், கணக்கே மாறிவிடும். போவதற்கு முன்னால் அந்த மார்க்கெட் கடைக்காரர் ஒருவரிடம் போனில் பேசிவிட்டுப் போங்கள். புது முகத்துக்குப் பலகை விலை கிடைப்பது சந்தேகம்தான்.

"மழைனு சொல்றாங்க, பெய்ய மாட்டேங்குது. சொல்லாத அன்னிக்குக் கொட்டுது. இதை நம்பி மருந்தடிக்க முடியுமா?"

வானிலை அறிக்கையில் உள்ள சொற்களுக்கெல்லாம் அளவு உண்டு. 'ஓரிரு இடங்களில்' என்றால் அந்தப் பகுதியில் உள்ள மழைமானிகளில் கால்வாசிக்குள்தான் மழை பதிவாகும் என்று அர்த்தம். 'ஒருசில இடங்களில்' என்றால் கால்வாசியிலிருந்து பாதி வரை. அதற்கு மேல் போனால்தான் 'பல இடங்களில்', 'பெரும்பாலான இடங்களில்' என்பார்கள். அப்படியானால் 'ஓரிரு இடங்களில்' என்று சொன்ன நாளில் உங்கள் காட்டில் பெய்யாமல் போவதுதான் சகஜம், அறிக்கை பொய்யாகவில்லை. 'கனமழை' என்றால் 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டர் முதல் 115.5 வரை, 'மிக கனமழை' அதற்கு மேல் 204.4 வரை.

மேகதூத் 2019-இல் வந்தது, செவ்வாய், வெள்ளி என்று வாரம் இருமுறை பயிருக்கான ஆலோசனையும் சேர்த்துத் தரும். வயல் வேலைக்கு அடுத்த இரண்டு நாள் கணிப்பை நம்பலாம், ஐந்தாம் நாளைச் சும்மா தெரிந்துவைத்துக்கொள்ளலாம், பதினைந்து நாளைக்கு மணிக்கணக்காகச் சொல்லும் ஆப் எதையும் நான் வைத்துக்கொள்வதில்லை. மருந்தடிக்கிற நாளில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றையும் பாருங்கள். அதையும் போட்டிருப்பார்கள்.

"இலையைப் போட்டோ எடுத்தா நோயைச் சொல்ற ஆப் இருக்காமே, சரியா சொல்லுமா?"

பிளான்டிக்ஸ் மாதிரி ஆப்களைக் கேட்கிறீர்கள். இலைப்புள்ளி, சாம்பல் நோய் போலக் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதை ஓரளவு பிடித்துவிடும். இலை மஞ்சளாவது மாதிரி பத்துக் காரணம் உள்ள விஷயத்தில் தடுமாறும். தழைச்சத்துக் குறைவு, துத்தநாகக் குறைவு, வேரில் நூற்புழு, தண்ணீர் தேங்கியது, எல்லாவற்றுக்கும் மேலிருந்து எடுத்த படம் ஏறக்குறைய ஒன்றுதான்.

தக்காளி இலைச் சுருட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். அது வைரஸ், வெள்ளை ஈ பரப்புகிறது. வைரஸுக்கு மருந்து கிடையாது, ஈயைத்தான் கட்டுப்படுத்தணும், பாதித்த செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கணும். நோய்ப் பெயரை ஆப் சரியாகவே சொன்னாலும், அதை வைத்துக்கொண்டு கடைக்குப் போய் "இதுக்கு மருந்து குடுங்க" என்றால் ஏதாவது ஒன்று கொடுத்துத்தான் அனுப்புவார்கள். அதனால் இலையின் அடிப்பக்கம் ஒரு படம், முழுச் செடி ஒரு படம், பாத்தி முழுக்க ஒரு படம் எடுத்து தோட்டக்கலை அலுவலருக்கு அனுப்புங்கள். காய்கறிக்குத் தோட்டக்கலைத் துறை, வேளாண் துறை அலுவலகத்தில் போய் நின்றால் அங்கிருந்து இங்கே அனுப்புவார்கள்.

"வாட்ஸ்அப் குரூப்புல ஒருத்தர் சொன்னது அவருக்குக் கேட்டுச்சாம். நாமளும் செய்யலாமா?"

தென்னையில் சுருள் வெள்ளை ஈ 2016-இல் பொள்ளாச்சிப் பக்கம் தென்பட்டது. அப்போதிலிருந்து குரூப்புகளில் வராத வைத்தியம் இல்லை: துணி சோப்பு, ஷாம்பூ, கண்ட கண்ட பூச்சிமருந்துக் கலவை. வேளாண் பல்கலைக்கழகம் சொன்னதோ ரசாயனத்தைத் தவிர்க்கச் சொல்லித்தான். ஏனென்றால் என்கார்சியா என்று ஒரு குட்டி ஒட்டுண்ணிக் குளவி அந்த ஈயைத் தானாகவே அழிக்கிறது, மருந்தடித்தால் முதலில் சாவது குளவி. விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டும் பொறி கட்டலாம், விசையாகத் தண்ணீர் பீய்ச்சலாம், மட்டையில் படிந்த கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா பசை கரைத்து அடித்தால் காய்ந்து செதிலாக உரிந்து விழும். இதில் விற்பதற்கு ஒன்றும் இல்லையா, அதனால் குரூப்பில் அவ்வளவாகச் சுற்றாது.

குரூப்பை விட்டு வெளியே வரச் சொல்லவில்லை. பக்கத்து ஊரில் புழு இறங்கிவிட்டது என்ற சேதி அதைவிட வேகமாக எதிலும் வராது. 2018-இல் மக்காச்சோளப் படைப்புழு வந்தபோது படம் பார்த்துத்தான் பல பேர் தங்கள் காட்டிலும் இருக்கிறதென்று குருத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். சேதிக்குக் குரூப், மருந்து அளவுக்கு கிசான் கால் சென்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"பூச்சிமருந்து அளவை இந்த ஏஐ கிட்ட கேக்கலாமா? தமிழ்லயே சொல்லுதே."

விளக்கம் கேளுங்கள், அளவு கேட்காதீர்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு, ஏக்கருக்கு எவ்வளவு, இந்த இரண்டையும் அது குழப்பிவிட்டால் காய் கருகும், அதுவும் தயங்காமல் சொல்லும். பாட்டிலோடு வரும் துண்டுத்தாளில் எந்தப் பயிருக்கு, எவ்வளவு, அடித்து எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று இருக்கும். எழுத்து எறும்பு மாதிரிதான் இருக்கும், போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

"யூடியூப்ல ஏக்கருக்குப் பல லட்சம்னு காட்டறாங்களே, அதெல்லாம் பொய்யா?"

எல்லாம் பொய் இல்லை. சொல்வது மொத்த வரவா, செலவு போக மிச்சமா? எத்தனை போகம் எடுத்தார்? கன்றோ விதையோ அவரே விற்கிறாரா? வீடியோவின் கீழே போன் நம்பர் இருந்தால் மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

"இ-நாம்ல போட்டா டெல்லிக்காரன் வந்து வாங்குவானா?"

இ-நாம் என்பது மத்திய அரசின் மின்னணு வேளாண் சந்தை. அப்படித்தான் 2016-இல் தொடங்கும்போது பேச்சு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் சரக்கைக் கொட்டினால் தரம் பார்த்து, லாட் எண் போட்டு, வியாபாரிகள் போனிலோ கணினியிலோ விலை போடுவார்கள், பணம் வங்கிக் கணக்குக்கு வரும். நடைமுறையில் பெரும்பாலும் விலை போடுவது அந்தக் கூடத்துக்கு எப்போதும் வருகிற அதே வியாபாரிகள்தான். பார்க்காத சரக்குக்குத் தூரத்திலிருந்து பணம் போட யாருக்கும் மனசு வராது, போட்டாலும் லாரி யார் பொறுப்பு என்ற கேள்வி நிற்கும்.

ஆனாலும் லாபம் இருக்கிறது. அவரவர் தனித்தனியாக விலை போடுவதால், துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்துப் பேசிக்கொள்வதற்கு இடமில்லை. எடை மின்னணுத் தராசில். மஞ்சள், பருத்தி, நிலக்கடலை, கொப்பரை மாதிரி தாங்கும் சரக்குக்கு நல்லது. தக்காளிக்கு இதில் வேலை இல்லை. முக்கியமாக, விலை பிடிக்கவில்லை என்றால் சரக்கைக் கூடத்துக் கிடங்கிலேயே வைத்து, மதிப்பில் 75 சதவீதம் வரை பொருளீட்டுக் கடன் வாங்கலாம். கையில் காசும் வரும், சரக்கும் நம்முடையதாக இருக்கும். ஆப்பில் விலை பார்ப்பதற்கு அப்போதுதான் ஓர் அர்த்தமே வருகிறது.

"என்ன போடலாம்னு விலையைப் பாத்து முடிவு பண்ணலாமா?"

இன்றைய விலையைப் பார்த்து முடிவெடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டியது. அதைப் பார்த்து நாற்று விட்டவர்களின் காய் வரும்போது, அதே விலையைப் பார்த்து விட்ட ஊர் முழுக்கத் தக்காளி. எல்லோர் கையிலும் ஒரே ஆப் இருப்பதில் இது ஒரு கஷ்டம்: எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ஒரே ஆசை வருகிறது.

பார்க்க வேண்டியது வேறு. கோவை வேளாண் பல்கலைக்கழகம் விதைப்புக்கு முன்னால் தக்காளி, கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம், மஞ்சளுக்கெல்லாம் விலை முன்னறிவிப்பு விடுகிறது. காய்கறிக்கு நம் ஒட்டன்சத்திரம் சந்தையின் பல வருட விலைகளைத்தான் எடுத்துக் கணிக்கிறார்கள். அறுவடை நேரத்தில் இந்த விலையிலிருந்து இந்த விலைக்குள் இருக்கலாம் என்று ஒரு வரம்பு சொல்வார்கள். வரம்பின் கீழ் விலையில் உங்கள் செலவு தேறுமா என்று பாருங்கள், தேறினால் போடுங்கள். அப்புறம் நாற்றுப் பண்ணைக்காரர்களிடம் எந்த நாற்று அதிகம் போகிறது என்று கேளுங்கள். ஊரில் வரப்போகிற சரக்கைப் பற்றி அதைவிட நல்ல தகவல் எந்தச் செயலியிலும் இல்லை.

"நிலம் குத்தகைதான், பட்டா அவர் பேர்ல. எனக்கு ஏதாவது வருமா?"

விலை, வானிலை, ஆலோசனை எல்லோருக்கும் பொது. பணம் வரும் இடத்தில்தான் பட்டா கேட்பார்கள். பிஎம் கிசானின் வருஷம் 6,000 ரூபாய் நிலம் பெயரில் உள்ளவருக்குத்தான், உழுகிறவருக்கு இல்லை. இப்போது விவசாயிகளுக்குத் தரும் தனி அடையாள எண்ணும் நில ஆவணத்தோடு இணைந்தது. ஏட்டில் இல்லாத வாய்ப்பேச்சுக் குத்தகை, கணினி வந்த பிறகு இன்னும் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டது என்பதுதான் என் எண்ணம். கூட்டுப் பட்டாவில் பங்காளிகள் சண்டையில் இருப்பவர்களுக்கும், கணவர் பெயரில் பட்டா இருக்க காட்டில் நிற்கிற பெண்களுக்கும் இதே கதிதான்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம். கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கலில் நீங்கள் பயிர் செய்வது வந்திருக்கணும், ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொது சேவை மையத்தில் பதியலாம். நில உரிமையாளர் முகம் சுளிக்காமல் இருப்பது உங்கள் சாமர்த்தியம்.

"சேதமான பயிரைப் போட்டோ எடுத்து அனுப்பிட்டேன். காப்பீடு வந்துடும்தானே?"

பெரும்பாலும் இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்துக் கணக்கிடப்படுவதில்லை. அறிவிக்கப்பட்ட கிராமத்திலோ பிர்க்காவிலோ சில வயல்களில் அறுவடை செய்து எடை பார்ப்பார்கள், அந்தச் சராசரி குறைந்தால்தான் எல்லோருக்கும் வரும். உங்கள் காடு மட்டும் போய், ஊர் தப்பித்திருந்தால் கஷ்டம். ஆலங்கட்டி மழை போலக் குறிப்பிட்ட சில சேதங்களுக்குத்தான் தனி வயல் கணக்கு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் செயலியிலோ 14447 என்ற எண்ணிலோ தெரிவித்து, பதிவு எண்ணை எழுதி வைத்துக்கொள்ளணும்.

"பிஎம் கிசான்னு ஒரு ஃபைல் வந்துச்சு, அமுக்கலாமா?"

கூடாது. வாட்ஸ்அப்பில் ஏபிகே என்று முடியும் எந்த ஃபைலையும் திறக்காதீர்கள். திறந்து பணம் போயிருந்தால் உடனே 1930, சைபர் குற்ற உதவி எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.

"உண்மையைச் சொல்லுங்க, இதெல்லாம் வந்ததுல விவசாயிக்குக் காசு கூடியிருக்கா?"

ஆராய்ந்து பார்த்திருக்கிறார்கள், பதில் இடத்துக்கு இடம் வேறு. வட கேரளக் கடலோரத்தில் 1997-க்குப் பிறகு செல்போன் வந்ததும், மத்தி பிடித்தவர்கள் கடலிலிருந்தே விலை கேட்டு வேறு கரைக்குப் படகைத் திருப்பினார்கள். லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது, வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது, விற்காமல் கொட்டுவது நின்றது. ராபர்ட் ஜென்சன் என்பவர் 2007-இல் எழுதிய இந்த ஆய்வைத்தான் எல்லோரும் மேடையில் சொல்வார்கள்.

மேடையில் சொல்லாதது இரண்டு. மகாராஷ்டிரத்தில் குறுஞ்செய்தியில் விலை அனுப்பிப் பார்த்தார்கள், விவசாயிக்குக் கிடைத்த விலையில் சொல்லும்படி மாற்றம் இல்லை. மேற்கு வங்கத்தில் உருளைக்கிழங்குக்காரர்களுக்குத் தினம் விலை சொன்னார்கள், சராசரி விலை உயரவில்லை, ஏனென்றால் மொத்தச் சந்தையில் அவர்களால் நேரடியாக விற்க முடியாது, வீட்டு வாசலுக்கு வரும் வியாபாரிதான் கதி. இதற்கு மாறாக, மத்தியப் பிரதேசத்தில் ஐடிசி கம்பெனி கிராமங்களில் வைத்த இ-சௌபால் என்ற இணைய மையங்கள் வந்த பகுதிகளில் சோயா விலை மண்டியிலேயே 1 முதல் 3 சதவீதம் ஏறியது, அங்கே விலையைச் சொன்ன கம்பெனியே வாங்கவும் வந்து நின்றது. படகைத் திருப்ப இடம் இருந்தவர்களுக்குப் போன் காசாக மாறியிருக்கிறது.

"கடைக்காரர்கிட்ட முன்பணம் வாங்கியிருக்கேன். வேற எடத்துல விலை கூடனு தெரிஞ்சு எனக்கென்ன?"

உண்மைதான், சரக்கு அவர் கடைக்குத்தான் போகணும். அவரையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. விதை வாங்க ஜாமீன் கேட்காமல் காசு கொடுத்தது அவர்தான், கேரள வியாபாரியிடம் வசூல் நிற்கும்போது உங்களுக்கு அன்றைக்கே பணம் எடுத்துத் தருவதும் அவர்தான். இதை எந்த ஆப்பும் செய்யாது.

செய்யக்கூடியது சின்னச் சின்னதாகத்தான். ஒவ்வொரு நாளும் உங்களுக்கு விழுந்த விலையையும் அன்றைய மாடல் விலையையும் ஒரு நோட்டில் எழுதுங்கள், மூன்றாவது கேள்வியில் சொன்ன மாதிரி கிலோவாக மாற்றி. ஒரு பருவம் எழுதினால் அந்த முன்பணத்துக்கு நீங்கள் உண்மையில் எவ்வளவு வட்டி கட்டுகிறீர்கள் என்று தெரியும். சிலருக்கு அது நியாயமாகவே இருக்கிறது. சிலருக்கு நகைக்கடனைவிடப் பல மடங்கு. அப்படி இருந்தால் நோட்டோடு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு சங்கத்துக்கு வாருங்கள், பயிர்க்கடன் விண்ணப்பம் நான் நிரப்பித் தருகிறேன். சிட்டா, அடங்கல், ஆதார், இரண்டு போட்டோ மறக்காமல் எடுத்து வாருங்கள்.